போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை: லிபர்டேரியன் பார்வை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிபர்டேரியன் என்றால் யார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

ஒருவருடைய உடல், உழைப்பு, சொத்து ஆகியவற்றில் அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது, அரசாங்கமும் கூடாது என்று நினைப்பவர். காவல், நீதிமன்றம், எல்லைப் பாதுகாப்பு வரைக்கும் அரசு இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்கள் இவர்களில் பெரும்பான்மை. அதுவும் வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மரே ராத்பார்டு போன்றவர்கள் சிறுபான்மை.

பொருளாதாரம் பேச வேண்டியவர்கள் ஏன் எப்போதும் போரைப் பற்றியே பேசுகிறார்கள்?

அவர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பாடம். போருக்குப் பணம் வேண்டும். அதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: வரி போடலாம், கடன் வாங்கலாம், நோட்டு அடிக்கலாம். மூன்றிலும் குடிமக்களின் பையிலிருந்துதான் பணம் போகிறது. பணம் மட்டும் போதாது. இரும்பு வேண்டும், அரிசி வேண்டும், லாரி வேண்டும், ஆள் வேண்டும். சந்தை விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே விலையை அரசே நிர்ணயிக்கிறது. நிர்ணயித்த விலைக்குச் சரக்கு கடைக்கு வராது. வராத சரக்கைப் பங்கிட ரேஷன் வருகிறது. ரேஷனை மீறுகிறவரைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் தர ஒரு விதி வருகிறது. பீரங்கியில் தொடங்கியது பலசரக்குக் கடையில் வந்து நிற்கிறது.

ரேண்டால்ஃப் போர்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர், போர்தான் அரசின் ஆரோக்கியம் என்று 1918இல் எழுதினார். அந்தக் கட்டுரையை முடிக்காமலே அந்த ஆண்டு டிசம்பரில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். அவர் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர், சுதந்திரச் சந்தையை ஆதரித்தவர் அல்ல. ஆனாலும் லிபர்டேரியன்கள் அந்த வரியை விடுவதே இல்லை.

போர் முடிந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

கொஞ்சம் இறங்கும், பழைய இடத்துக்கு வராது. ராபர்ட் ஹிக்ஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1987இல் இதைத்தான் விரிவாக வாதிட்டார். நெருக்கடியில் அரசு பத்துப் படி ஏறுகிறது, நெருக்கடி தீர்ந்ததும் ஆறு படி இறங்குகிறது, மிச்சம் நான்கு படி நிலைத்துவிடுகிறது. அடுத்த நெருக்கடி அந்த நான்காவது படியிலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்க வருமான வரியைப் பாருங்கள். 1913இல் அது வந்தபோது உச்ச விகிதம் 7 சதவீதம். முதல் உலகப் போர் முடிந்த 1918இல் 77 சதவீதம். 1920களில் 25 சதவீதத்துக்கு இறங்கியது. நல்ல இறக்கம்தான், ஆனால் 7 எங்கே, 25 எங்கே? 1944இல் அது 94 சதவீதத்தைத் தொட்டது.

இன்னும் வேடிக்கையானது தொலைபேசி வரி. 1898இல் ஸ்பெயினுடன் போர். சில மாதங்களில் முடிந்துபோன போர் அது. அதன் செலவுக்காக, 15 சென்டுக்கு மேல் கட்டணமாகும் தொலைபேசி அழைப்பு ஒன்றுக்கு ஒரு சென்ட் வரி போட்டார்கள். அன்று தொலைபேசி பணக்காரர் வீட்டுப் பொருள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1902இல் நீக்கினார்கள். 1914இல் வேறு காரணம் சொல்லி மறுபடி கொண்டுவந்தார்கள். பிறகு வெவ்வேறு போர், வெவ்வேறு பற்றாக்குறை. தொலைதூர அழைப்புகளுக்கு அந்த வரியை வசூலிப்பதை அமெரிக்க அரசு கைவிட்டது 2006இல்.

சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்வதும் போரில் வந்ததா?

அமெரிக்காவில் அப்படித்தான். அதற்குமுன் அங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் சிறுபான்மை. வருடம் முடிந்தபின் தாங்களே கணக்குப் பார்த்துக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் சாதாரணத் தொழிலாளிகளும் வரி வலைக்குள் வந்ததால், அத்தனை பேரிடமும் மொத்தமாகக் கேட்டு வாங்குவது நடக்காது என்று தெரிந்தது. 1943இல் சம்பளம் கைக்கு வருமுன்பே வெட்டிக்கொள்ளும் முறை சட்டமானது. கருவூலத் துறையில் உட்கார்ந்து இந்த முறையை வடிவமைத்தவர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன்! பின்னாளில் சிறிய அரசுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய அதே ஃப்ரீட்மன்தான். அந்தப் பிடித்தம் ஒழிந்தால் தேவலை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அவருடைய மனைவி ரோஸ் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

இந்தியாவுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அமெரிக்காவைவிட நன்றாகவே பொருந்தும். எனக்கு வியப்பெல்லாம், இங்கே இந்த வாதத்தை எடுக்கிறவர்களும் அமெரிக்க உதாரணங்களையே அடுக்கிக்கொண்டிருப்பதுதான்.

நேரு காலத்துச் சோஷலிசம்தான், எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ்-பெர்மிட் ஆட்சியைக் கொண்டுவந்தது என்பது பொதுவான எண்ணம். பாதி சரி. அந்த ஆட்சியின் கருவிகளில் பல வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற போர்க்கால விதிகள். 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அந்த ஒரே குடையின் கீழ் வந்தவை எத்தனை என்று பாருங்கள்.

வெளிநாட்டு நாணயக் கட்டுப்பாடு 1939இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கியது. போர் முடிந்த பிறகு 1947இல் அது அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமாயிற்று. 1973இல் 'ஃபெரா' என்ற பெயரில் இன்னும் கடுமையாயிற்று. வெளிநாடு போகிற இந்தியர் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைப் பல குடும்பங்களில் இன்றும் கேட்கலாம். 1999இல் 'ஃபெமா' வந்த பிறகுதான் டாலர் வைத்திருப்பது குற்றவியல் விவகாரம் என்ற நிலை மாறியது.

பங்கு வெளியீட்டுக் கட்டுப்பாடு 1943இல் வந்தது. போருக்குத் தேவையான பணம் தனியார் கம்பெனிகளுக்குப் போய்விடக் கூடாது என்பது நோக்கம். போருக்குப் பின் 1947இல் அதைத் தனிச் சட்டமாக்கினார்கள். அதன் பிறகு ஒரு கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க வேண்டுமானால் டில்லியில் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பம் போட வேண்டும். எத்தனை பங்கு என்பது மட்டுமல்ல, என்ன விலைக்கு என்பதும் அவர் சம்மதத்தைப் பொறுத்தது. ஹிட்லர் செத்து 47 வருடம் கழித்து, 1992இல்தான் அந்த அலுவலகம் மூடப்பட்டது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் அப்படியே: 1940இல் போர் விதி, 1947இல் சட்டம், 1992 வரை ஆயுள்.

அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும் இந்தக் குடும்பம்தானா?

ஆமாம், நேர்வாரிசு. போர்க்கால விதிகள் 1946இல் காலாவதியாகும் நிலையில், உணவு, துணி, எரிபொருள் ஆகியவற்றின் மீதான அதிகாரத்தை விட்டுவிட மனமில்லாமல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயரிலேயே 'தற்காலிக அதிகாரங்கள்' என்று இருந்தது. அதை நீட்டித்து நீட்டித்து 1955 வரை ஓட்டினார்கள். பிறகு 'தற்காலிக' என்பதை எடுத்துவிட்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

சென்னையில் இதன் தடயம் ஏதாவது உண்டா?

வாடகைக் கட்டுப்பாடு. மதராஸ் மாகாணத்தில் அது 1941இல் போர்க்கால விதிகளின்கீழ் ஓர் உத்தரவாக வந்தது. போர்ச் சூழலில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடக் கூடாது என்பது கவலை, நியாயமான கவலைதான். 1946இல் சட்டம், 1949இல் புதிய சட்டம், 1960இல் இன்னொரு சட்டம். 1960 சட்டத்தின்படி வாடகை பற்றித் தகராறு வந்தால் நீதிமன்றம் 'நியாய வாடகை' நிர்ணயிக்கும். மனையின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு எல்லாம் கணக்கிட்டு, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம் என்று பின்னாளில் வகுத்தார்கள்.

கேட்பதற்கு ஒழுங்கான கணக்கு. நடைமுறையில் என்ன ஆனது என்பதை ஜார்ஜ் டவுனிலோ மயிலாப்பூரிலோ ஒரு பழைய வீட்டைப் பார்த்தாலே புரியும். குடியிருப்பவர் தாத்தா காலத்து வாடகையைக் கட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் உடைந்த கூரை ஓடுகளை மாற்றமாட்டார். மாற்றினால் அவருக்கு என்ன வரப்போகிறது? காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால் ஒன்று 'சொந்த உபயோகம்' என்று நிரூபிக்க வேண்டும், அல்லது 'இடித்துக் கட்டப் போகிறேன்' என்று எழுதித் தர வேண்டும். வழக்கு மேல்முறையீடு, சீராய்வு என்று அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். இதற்கிடையே சிலர் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். வாடகைக்கு விட்டால் திரும்ப வராது என்ற பயம். குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்த சட்டத்தால் புதிதாக நகரத்துக்கு வரும் குடியிருப்பாளருக்கு வீடு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பெரிய அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம்.

அந்த 1960 சட்டத்துக்குப் பதிலாக 2017இல் நிறைவேறிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். 1941இலிருந்து எண்ணினால் 78 வருடம்.

இங்கே ஒன்றை நான் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் பல கீழ்நடுத்தரக் குடும்பங்கள் ஊரின் நடுவில் குடியிருந்தே இருக்க முடியாது. பிள்ளைகள் அங்கிருந்து படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். லிபர்டேரியன் வாதம் இந்தப் பலனைக் கணக்கில் எழுதுவதே இல்லை. ஆனால் அந்தப் பலனுக்கான செலவை அரசு தன் கஜானாவிலிருந்து தரவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் தலையில் கட்டியது என்ற அவர்களுடைய பதில் சரியானது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் போரால் வந்ததுதானே?

1962 அக்டோபரில் சீனப் போர். நெருக்கடி நிலை அறிவிப்பு. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, மறுபடியும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். தங்கம் கடத்தி வருவதில் அந்நியச் செலாவணி வீணாகிறது, மக்களின் தங்க ஆசையைக் குறைக்க வேண்டும் என்பது காரணம்.

22 கேரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் 14 கேரட் நகையை யார் வாங்குவார்கள்? நிறம் செம்பாக இருக்கும், அடகுக் கடையில் மதிப்பு கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் பெரிய நகை வியாபாரிகள் அல்ல. பட்டறையில் உமி அடுப்பும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்தர்கள்தான். கூலிக்கு நகை செய்து பிழைத்த லட்சக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் நாடு முழுவதும் வேலை இழந்தன; தற்கொலைகள் நடந்தன. அந்த 14 கேரட் விதியைச் சில வருடங்களில் தளர்த்தினார்கள். கட்டுப்பாடு போகவில்லை. 1968இல் அது முழுச் சட்டமாயிற்று. சீனப் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையும் அதே 1968 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது; ஒரு மாதப் போருக்கு ஐந்து வருடத்துக்கும் மேலான நெருக்கடி. தங்கச் சட்டம் 1990 வரை இருந்தது. அந்தக் காலம் முழுவதும் தங்கம் கடத்தி வந்தவர்களுக்கு அது பொற்காலம்.

போர்க்காலத்தில் விலையைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஏழைகள் பட்டினி கிடக்க மாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு லிபர்டேரியன்கள் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது முழுமையான பதில் அல்ல என்பது என் கருத்து.

அவர்கள் பதில் இது: விலை என்பது செய்தி. எங்கோ ஓர் ஊரில் அரிசி குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் மிச்சமுள்ள ஊரிலிருந்து வண்டி கிளம்பும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. பொருளாதார அறிஞர் ஃப்ரெடரிக் ஹாயெக் 1945இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: சிதறிக் கிடக்கும் தகவல் எந்த ஓர் அதிகாரியின் மேசைக்கும் வந்து சேராது, விலையின் மூலம்தான் அது பரவும். விலையை உறைய வைத்தால் வண்டி கிளம்பாது.

1943 வங்காளப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 30 லட்சம் பேர் இறந்த பஞ்சம். அரசு அதில் செய்தவற்றைப் பார்த்தால் லிபர்டேரியன் வாதத்துக்கு நிறையச் சாட்சியம் கிடைக்கிறது. ஜப்பான் வந்துவிடும் என்று பயந்து, கடலோர வங்காளத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை 1942இல் பறிமுதல் செய்தார்கள், அழித்தார்கள். படகுதான் அங்கே சாலை. மீனவருக்குப் பிழைப்பும் போயிற்று, நெல் நகரும் வழியும் போயிற்று. மாகாணங்கள் தானியத்தை எல்லை தாண்ட விடாமல் தடுத்தன. பிரிட்டன் இந்தியாவில் செய்த போர்ச் செலவுக்கு லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு எழுதிவிட்டு, இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு அடித்தார்கள். விலைவாசி எகிறியது. விளைச்சல் இல்லாத குறையைவிட, நிலமற்ற கூலிக்காரனின் கூலி அரிசி விலையைத் தொட முடியாமல் போனதுதான் கொன்றது என்று பின்னாளில் அமர்த்தியா சென் காட்டினார்.

இப்போது மறுபக்கம். 1943 மார்ச்சில் வங்காள அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. சந்தை சரிசெய்யும் என்று எதிர்பார்த்தார்கள். விலை பாய்ந்து ஏறியது, பதுக்கல் கூடியது. மே மாதம் கிழக்கு மாகாணங்களுக்கிடையே தடையை எடுத்தபோது பீகாரிலும் ஒரிசாவிலும் விலை ஏறியதே தவிர வங்காளத்தின் பட்டினி தீரவில்லை. வண்டி கிளம்பியது உண்மை. ஆனால் வண்டி பணம் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். கையில் காசில்லாதவனின் பசி விலையில் பதிவாவதே இல்லை. போர் அரசு கெடுத்ததைச் சந்தை மட்டும் சீர்செய்யும் என்பதற்கு வங்காளம் சாட்சி சொல்லவில்லை. கல்கத்தாவில் போர்த் தொழிற்சாலை ஊழியர்களுக்கு மலிவு விலையில் அரிசி வழங்கி, கிராமத்தைக் கைவிட்டார்களே, அது அரசு யாருக்காக வேலை செய்தது என்பதற்கு மட்டும் சாட்சி.

ராஜாஜி லிபர்டேரியனா?

இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் அவரைத் தவிர்க்கவும் முடியாது.

1952இல் மதராஸ் முதலமைச்சரானதும் அவர் செய்த பெரிய காரியம், அந்த ஜூன் மாதம் அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்ததுதான். போர் முடிந்து ஏழு வருடமாகியும் ரேஷன் கடை வரிசை ஓயவில்லை. கிராமத்தில் நெல்லை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோனால் பிடித்தார்கள். கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். வரவில்லை. டில்லியில் உணவமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் அதே வழியில் நாடு முழுவதும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்ற தாக்குதலையே கொடியாகப் பிடித்தது. 1967இல் மக்களவையில் 44 இடங்கள்.

ஆனால் இதே ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டவரும் அவரே. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவர். ஒருவர் என்ன குடிக்கலாம், எந்த மொழி படிக்கலாம் என்பதை அரசு சொல்லலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதை மட்டும் சொல்லக் கூடாது என்றால் அது என்ன கொள்கை என்று எந்த லிபர்டேரியனும் கேட்பார்.

இன்னொரு வேடிக்கை: 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி கூட்டணி வைத்தது தி.மு.க.வோடு. அந்தத் தேர்தலில் அரிசி விலை பற்றி தி.மு.க. வைத்த முழக்கம் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'.

கட்டாய ராணுவ சேவை பற்றி என்ன சொல்கிறார்கள்?

இதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு மிகக் குறைவு. சம்மதமில்லாத உழைப்பு, அவ்வளவுதான். வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாயச் சேர்ப்பை ஒழிப்பது பற்றி ஆராய நிக்சன் ஒரு குழு அமைத்தார். அதில் ஃப்ரீட்மன் உறுப்பினர். தளபதி வெஸ்ட்மோர்லண்ட், கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றார். அடிமைப் படைக்குத் தலைமை தாங்க விருப்பமா என்று ஃப்ரீட்மன் திருப்பிக் கேட்டார். நம் தேசபக்த இளைஞர்களை அடிமைகள் என்பதா என்று தளபதி கோபப்பட, சம்பளம் வாங்குவதால் வீரன் கூலிப்படை என்றால் நான் கூலிப் பேராசிரியன், நீங்கள் கூலித் தளபதி என்று முடித்தார். கட்டாயச் சேர்ப்பு 1973இல் நின்றது.

லிபர்டேரியன்கள் பெருமையோடு சொல்லும் வெற்றி இது. ஆனால் அதன் பின்விளைவு ஒன்று அவர்களுக்கே சங்கடம். யாருடைய மகனையும் வலுவில் இழுத்துப் போகாத ராணுவம் ஆனபின், போர் நடப்பதே நடுத்தர வர்க்கத்துக்குத் தெரியாமல் போயிற்று. ஆப்கானிஸ்தானில் 2001இலிருந்து 2021 வரை இருபது வருடம் அமெரிக்கப் படை இருந்தது. வியட்நாம் காலத்துக் கல்லூரிப் போராட்டங்கள் போல எதுவும் எழவில்லை.

போர்க்கால அதிகாரத்தை யாராவது எதிர்த்து நின்று ஜெயித்திருக்கிறார்களா?

கிளாரன்ஸ் வில்காக் என்ற ஆங்கிலேயரைச் சொல்லலாம். சலவை நிலைய மேலாளர். பிரிட்டனில் 1939இல் போருக்காக எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். போர் முடிந்தும் போலீசார் எதற்கெடுத்தாலும் அட்டையைக் கேட்டார்கள். 1950 டிசம்பரில் லண்டனில் ஃபிஞ்ச்லி பகுதியில் வில்காக்கின் காரை ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி அட்டையைக் கேட்டார். காட்ட மாட்டேன், நான் லிபரல், இந்த மாதிரி விஷயத்துக்கு நான் எதிரி என்றார் வில்காக். வழக்கு 1951இல் மேல் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டப்படி அவர் தோற்றார்; ஆனால் தண்டனை இல்லை. போருக்காக வந்த சட்டத்தை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவது, சட்டத்தை மதிக்கும் மக்களைச் சட்டத்தை மீறுகிறவர்களாக்கும் என்று தலைமை நீதிபதி காடார்டு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டையையே ஒழித்தார்கள்.

அதே பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் வந்தது போர் நடந்தபோது அல்ல, முடிந்த பிறகு 1946இல். இறைச்சி ரேஷன் நின்றது 1954இல்.

விலை, வாடகை, தங்கம் எல்லாம் சரி. சிறை, தடுப்புக் காவல்?

பொருளாதாரத்தில் நடந்த அதே கதை. முதல் உலகப் போருக்காக 1915இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் போருக்குப் பின் ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டும். அதன் அதிகாரங்களை விட மனமில்லாமல் 1919இல் ரௌலட் சட்டம் கொண்டுவந்தார்கள்: விசாரணையில்லாமல் சிறை, அமைதிக் காலத்திலும். அதை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தும் யோசனை காந்திக்கு வந்தது மதராஸில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோது. அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் ஜாலியன்வாலா பாக்.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை அடக்க வந்த ஆயுதப்படைச் சிறப்பு அதிகார அவசரச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் 1958இல் சுதந்திர இந்தியா வடகிழக்குக்குச் சட்டம் செய்தது. விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த மிசா 1971இல், வங்கதேச நெருக்கடியின்போது வந்தது. அந்தப் போருக்காக 1971 டிசம்பரில் அறிவித்த நெருக்கடி நிலை, போர் இரண்டு வாரத்தில் முடிந்தபின்னும் 1977 வரை விலக்கப்படவில்லை. அது உயிரோடிருக்கும்போதே 1975இல் இந்திரா காந்தி இரண்டாவதாக ஒன்றை அறிவித்தார். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் அக்கட்சியினரைப் பிடித்துப் போட்டது அதே மிசாவில்.

இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று உண்டு. ஆயுள் மூன்று வருடம் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபின்னும் அந்தத் 'தற்காலிக'ச் சட்டத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் எல்லாப் போரையும் எதிர்ப்பார்களா? ஹிட்லரை?

ஒத்த கருத்து கிடையாது. ராத்பார்டு வழி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லா அரசுப் போரையும் எதிர்ப்பார்கள். மற்றவர்கள் தற்காப்புப் போரை ஏற்பார்கள். எது தற்காப்பு என்பதில்தான் சண்டை. 2002இல் இராக் மீது போர் தொடுக்கும் அதிகாரத்தை அமெரிக்கக் கீழவை வழங்கியபோது எதிர்த்து வாக்களித்த ஆறு குடியரசுக் கட்சியினரில் லிபர்டேரியனான ரான் பால் ஒருவர். தன்னை அரசற்ற முதலாளித்துவவாதி என்று அழைத்துக்கொள்ளும் அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலேயின் அரசு 2024இல் டென்மார்க்கிடம் 24 போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது.

ஹிட்லர் கேள்விக்கு அவர்களிடம் திருப்தியான பதிலை நான் கண்டதில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழையாதிருந்தால் ஹிட்லரே வந்திருக்க மாட்டார் என்பார்கள். இருக்கலாம். 1940இல் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் 1917க்குப் போய்விடுகிறார்கள்.

இது பணக்காரர்களுக்கான தத்துவம்தானே?

பெர்மிட் ஆட்சியில் பெர்மிட் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். டில்லியில் ஆள் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்குத்தான். தங்கச் சட்டத்தில் அழிந்தவர் பத்தர், கொழுத்தவர் கடத்தல்காரர். அந்த வகையில் குற்றச்சாட்டு நிற்காது.

ஆனால் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அரசின் கை விலகிய இடத்தில் சுதந்திரம்தான் வந்து உட்காரும் என்று இவர்கள் நம்புகிறார்கள். நம் ஊரில் அங்கே ஊர்க் கட்டுப்பாடு வந்து உட்காரும், சாதி வந்து உட்காரும். ஒருவரைத் தெருவில் நடக்க விடாததற்கும் கோயிலுக்குள் விடாததற்கும் அரசு உத்தரவு தேவைப்படவில்லை. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைந்தபோது, அழைத்துச் சென்றவர்கள் மேல் வழக்கு பாயாமல் காத்தது அரசின் சட்டம். அதைக் கொண்டுவந்த முதலமைச்சரும் ராஜாஜிதான். அமெரிக்காவில் எழுதப்பட்ட லிபர்டேரியன் நூல்களில் இதற்குப் பதில் தேடாதீர்கள். இங்குள்ளவர்கள்தான் எழுத வேண்டும். இன்னும் ஒழுங்காக எழுதவில்லை.

ஒரு நெருக்கடிச் சட்டம் வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீட்டிக்கச் சட்டமன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு வேண்டுமா, அமைச்சரவை அறிவிக்கை போதுமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் தேதி இருந்தும் பயனில்லை. அதை அமல்படுத்தப் புதிதாக ஓர் அலுவலகம் திறக்கிறார்களா என்பது அடுத்தது. கட்டடமும் பதவி உயர்வு வரிசையும் வந்துவிட்ட சட்டம் எளிதில் சாகாது.

நீக்கும்போதும் எப்படி நீக்குகிறார்கள் என்பது முக்கியம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைத் தளர்த்தி 2020இல் ஒரு திருத்தம் வந்தது. தானியம், பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இருப்புக்குச் சாதாரண காலத்தில் வரம்பு விதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். முதலில் அவசரச் சட்டமாக, கொரோனாவின் நடுவில், விவசாயிகளிடம் கேட்காமல் கொண்டுவந்தார்கள். மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு சேர்ந்து டில்லி எல்லையில் ஒரு வருடப் போராட்டத்தைச் சந்தித்தது. 2021இல் மூன்றையும் திரும்பப் பெற்றார்கள். 1955 சட்டம் பழையபடியே நிற்கிறது.